எண்பது எலிகளும் ராஜாத்தியும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. அந்தக் கோபத்துக்குத்தான் மாதா மாதம் சம்பளம் கொடுத்தார்கள். புது மருந்துகளை மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் கம்பெனி ஒன்று ஓசூர் சிப்காட்டில் இருந்தது. அதில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கியூ.ஏ. பிரிவு. அடுத்தவர் வேலையில் தப்புக் கண்டுபிடித்து எழுதுவதுதான் வேலை. வினிதா வருகிறாள் என்றால் வராந்தாவில் பேச்சு நின்றுவிடும். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, என்னத்தைச் சொல்ல.

ராஜாத்தியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. அவளைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லை என்பது ஒரு காரணம். நான் எழுதிய ஒரு வரி அவளை என்ன செய்தது என்பது இன்னொரு காரணம்.

அவள் நாகரசம்பட்டிக்காரி. கிருஷ்ணகிரி அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். புருஷன் ஒரு பம்பு ஃபேக்டரியில் ஃபிட்டர். அந்த ஃபேக்டரி பூனாவில் கிளை திறந்தபோது, ஆறே மாதம் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன், நாலு வருடமாகியும் திரும்பவில்லை. முதலில் வாரம் ஒரு போன் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு அந்த நம்பரே வேலை செய்யவில்லை. மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில், ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஆனாலும் அவள் என்னை மேடம் என்பாள், நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். ஆபீஸ் வழக்கம் அப்படி.

எலி அறைக்குள் போகிறவர்கள் பூ வைக்கக் கூடாது, பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. எலிக்குக் கண் மட்டம், மூக்கு பொல்லாதது. ஓசூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோஜாத் தோட்டம். ராஜாத்தி தலையில் ஒரு இதழ் இருக்காது. விடிந்ததும் வெறும் தலையோடு கிளம்பும் பெண்ணைப் பற்றி லைன் வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். எலிக் கம்பெனியில் வேலை என்று தெரிந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். எலிக்காய்ச்சல் வந்துவிடுமாம், குழந்தைகளை அவள் வாசல் பக்கமே விடுவதில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு அவள் கொண்டுபோய்க் கொடுத்த கொழுக்கட்டையை, பக்கத்து வீட்டுப் பொற்கொடி சிரித்த முகமாக வாங்கி, அவள் தலை மறைந்ததும் நாய்க்கு வைத்திருக்கிறாள்.

"நான் பார்த்துட்டேன்னு அவங்களுக்குத் தெரியாதுங்க மேடம்" என்று, ஒரு நாள் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் எலிகள் அந்தப் பொற்கொடியைவிடச் சுத்தம்! காற்றை வடிகட்டி, தண்ணீரை வடிகட்டி, படுக்கையை வேகவைத்துப் போட்டு வளர்க்கிற எலிகள். ஆனால் அதைப் போய் மூக்கண்டப்பள்ளியில் யாரிடம் சொல்ல?

கேன்டீனிலும் அதே கதைதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள் அவள் வந்தால் மூக்கைச் சுளிப்பார்கள். குளித்துவிட்டுத்தான் வருவாள், இருந்தும் வாடை வருகிறதாம். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் தனியாக உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுவாள். நானாவது போய் எதிரில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கியூ.ஏ. ஆட்கள் மற்றப் பிரிவுக்காரர்களோடு சேர்ந்து சாப்பிடுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒன்றாகச் சாப்பிட்டால் நாளைக்கு எழுதுகிற பேனா தயங்கும் என்பார்கள். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கோபக்காரிக்கு ஒதுங்கி உட்கார ஒரு சாக்குக் கிடைத்தால் விடுவாளா?

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, கை என்றால் அது கை. எலிக்கு ஊசி போடுவதென்றால் பிடித்தோம் குத்தினோம் என்று நினைத்துவிடாதீர்கள். வாலைப் பிடித்துத் தூக்கினால் எலி மிரண்டு கடிக்கும். மார்பை அழுத்திப் பிடித்தால் மூச்சு நின்றுபோகும். ராஜாத்தி முதலில் உறைபோட்ட கையைக் கூண்டுக்குள் வைத்து முகர விடுவாள். பிறகு முதுகுப் பக்கமாகத் தோளைச் சுற்றி விரல்களைக் கொடுத்து, கட்டை விரல் தாடைக்குக் கீழே வருகிற மாதிரி அள்ளி எடுப்பாள். உதவிக்கு இருக்கிறவர் பின்னங்காலை நீட்டிப் பிடிக்க, எலியின் தலை கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி சாய்ப்பாள். அப்போது குடல் முன்பக்கம் சரிந்து வழி விடும். வயிற்றில் கீழே, எலியின் வலது பக்கம் ஊசி இறங்கும். இறங்கியதும் மருந்தைத் தள்ளிவிட மாட்டாள். ஒரு நூல் பின்னால் இழுத்துப் பார்ப்பாள். மஞ்சளாக வந்தால் மூத்திரப்பையில் குத்திவிட்டோம், பச்சையாக வந்தால் குடலில் குத்திவிட்டோம், சிவப்பாக வந்தால் ரத்தக்குழாய். ஒன்றும் வராவிட்டால்தான் மருந்து. எலிக்கு ஒரு ஊசி, போட்டதும் மூடியைத் திருப்பி மாட்டாமல் நேராக ஊசிப் பெட்டிக்குள். ஊசி குத்துவது பெரும்பாலும் மூடி மாட்டும்போதுதான், அதுவும் நம் விரலில்தான்.

அவளுக்கு எலியின் காலைப் பிடித்துக் கொடுத்தவர் குந்தாரப்பள்ளி சென்றாயன். இரண்டு பெண்களுக்கு அப்பா, குடும்பமே சந்தையில் மாடு வாங்கி விற்கிற குடும்பம். "மாட்டைப் புடிச்ச கைங்க மேடம், எலின்னா வழுக்கிக்கினு போவுது. இந்தம்மா கையில மட்டும் பஞ்சு மூட்டையாட்டம் கெடக்குது பாருங்க" என்பார். மூன்று வருடத்தில் அவள் ஊசி ஒரு முறைகூடக் குடலில் இறங்கியதில்லை. தப்பைத் தேடுவதற்கென்றே பிறந்த நானே ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறில் சிக்குன்குனியா வந்து பாதி ஊர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அந்தச் சமயம் மூட்டுவலிக்கான புது ஊசி மருந்து ஒன்று சோதனைக்கு வந்தது. எண்பது எலிகள், இருபத்தெட்டு நாள், தினம் ஒரு ஊசி. இருபது இருபதாக நான்கு கூட்டம். வெள்ளை அட்டை மாட்டிய கூண்டுகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர், பச்சைக்குக் கொஞ்சம் மருந்து, மஞ்சளுக்கு நடுத்தரம், சிவப்புக்கு அதிகம். சிவப்பு எலிகள் எவ்வளவு தாங்குகின்றன என்பதை வைத்துத்தான் மனிதனுக்குக் கொடுக்கலாமா என்று முடிவாகும். மருந்தைத் தவிர மற்றதெல்லாம் எண்பதுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சாப்பாடு, வெளிச்சம், பிடிக்கிற கை எல்லாம். அதுதான் இந்த வேலைக்கே அஸ்திவாரம்.

பன்னிரண்டாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் எலி அறையைத் தணிக்கை செய்யப் போனேன். கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியாக ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு பார்த்தேன். வெள்ளை அட்டை எலிக்கு ஐம்பது வினாடி. பச்சைக்கும் அப்படியே. மஞ்சளுக்கு ஒன்றரை நிமிஷம். சிவப்புக்கு வந்ததும் நாலு நிமிஷம்! எலியை மார்போடு அணைத்து, இன்னொரு கையால் மூடிக்கொண்டு நிற்கிறாள். முகமூடி அசைந்துகொண்டே இருக்கிறது. சென்றாயன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்ததே கோபம், கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். அவள் கவனிக்கவில்லை.

"வாடி என் கண்ணு. ஒடம்பு சில்லுனு கெடக்குதே. நேத்து கெலவரப்பள்ளி டேம் பக்கம் போயிட்டு வரலாம்னு பார்த்தேன், போவல. தனியா போயி தண்ணியப் பார்த்துக்கினு நின்னா நாலு பேரு தப்பா நெனைப்பாங்க. அப்புறம் சாயங்காலம் பூரா தூங்கிட்டேன். உனக்குக் காலு நடுங்குதா? இதோ ஆச்சு, ஆச்சு…"

"ராஜாத்தி! இது ஊசி போடற ரூமா, உங்க வீட்டு வாசலா?" என்று கத்தினேன்.

அவள் வாசலில் நின்று யாரும் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் எலியைச் சாய்த்து ஊசியை இறக்கி, ஒரு நூல் பின்னால் இழுத்துப் பார்த்துவிட்டு மருந்தைத் தள்ளினாள்.

மறுநாள் அந்தச் சோதனைக்குப் பொறுப்பான டாக்டர் பிரகாஷ் அறையில் அவரும் நானும் ராஜாத்தியும் உட்கார்ந்தோம். பிரகாஷ் பெங்களூரிலிருந்து தினம் காரில் வந்து போகிறவர், கன்னடக்காரர், யாரையும் கடிந்து பேச மாட்டார்.

"ஆய்த்து பிடி, வினிதா" என்றார். போகட்டும், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். "கையில வெச்சுக்கிட்டதுக்கெல்லாம் ஸ்டடியை நிறுத்தினா எப்படி? சின்ன விஷயம். ஒரு குறிப்பு எழுதிடுங்க, முடிஞ்சது."

நான் விடுகிற ஆளா? ராஜாத்தி பக்கம் திரும்பினேன். "நோய் வந்த எலிக்கு மட்டும் சூடும் செல்லமும் கிடைச்சா அது தெம்பாத் தெரியும். அப்ப மருந்து கெடுதல் இல்லைன்னு ரிப்போர்ட் போகும். அப்புறம் அதை மனுஷங்களுக்குப் போடுவாங்க. புரியுதா?"

அவள் பிரகாஷிடம், "இது கெட்டுப்போச்சுன்னா என்னா சார் பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"முதல்லேர்ந்து திரும்பச் செய்யணும். புதுசா எண்பது எலி."

"இப்ப இருக்கற எண்பது?"

"முடிச்சுடணும். அதான் ஆகலையே, விடுங்க."

அவள் அப்படியே எழுந்து போயிருக்கலாம். பிரகாஷ் தப்பிக்க வழி விட்டுவிட்டார். என்னிடம் இருந்தது வெறும் நிமிஷக் கணக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வேலை பிழைக்கும், புது எண்பது எலிகள் ஊசிக்கு வராது. வாயைத் திறந்தால் இரண்டும் போகும்.

"மேடம் பார்த்தது கொஞ்சம்தாங்க சார்" என்றாள். "எட்டாம் நாள்லேர்ந்து சிவப்புக் கூண்டுக்குத் தீனியைத் தண்ணியில ஊற வெச்சுக் குடுத்துக்கினு இருக்கறேன். அதுங்களால கடிக்க முடியல சார். பல்லு நடுங்குது. ஊற வெச்சா நக்கிச் சாப்புடுது. அதான் எடை கொறையாம இருக்குது. மருந்து நல்ல மருந்து இல்லீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சென்றாயன் மாலையில் எடை எழுதப் போனபிறகு தனியாக இருக்கும்போது செய்திருக்கிறாள். எந்த ஏட்டிலும் இல்லை. பிரகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊறவைத்த தீனி என்றால் பேச்சுக்கே இடமில்லை, பன்னிரண்டு நாள் உழைப்பும் குப்பைதான்.

"இதை ஏம்மா இப்ப சொல்றீங்க?" என்று பாவமாகக் கேட்டார்.

"எங்க லைன்ல முக்காவாசி பேரு முட்டியைப் புடிச்சிக்கினுதான் சார் நடக்கறாங்க. பொற்கொடி அக்காவுக்குப் படி ஏற முடியல. இந்த ஊசி வந்தா முதல்ல அவங்கதான் போய் நிப்பாங்க."

அவள் கொழுக்கட்டையை நாய்க்கு வைத்த அதே பொற்கொடி. அதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை எடுத்து, சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினேன்.

அந்த எண்பது எலிகளையும் வாயு விட்டு முடிக்க வேண்டியிருந்தது. வேறு ஆளை அனுப்புகிறேன் என்று பிரகாஷ் சொல்லியும் அவள் கேட்கவில்லை. "பழகாத கை பட்டா பயந்துக்கும்" என்று சொல்லிவிட்டு, காலையிலிருந்து மாலை வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனாள். அன்று கேன்டீன் பக்கம் வரவில்லை.

அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை, எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். காரணம் இரக்கம் இல்லை. மறுபடி எண்பது எலிக்கு இருபத்தெட்டு நாள் ஊசி போட அந்தக் கட்டடத்தில் அவளைவிட்டால் ஆள் கிடையாது. ஆனால் இனி இப்படி நடக்காமலிருக்க ஒரு விதி வேண்டும் என்றார்கள். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு எலிக்கு அறுபது வினாடி. அணைக்கக் கூடாது, தடவக் கூடாது. ஊசி போடுபவர் அறைக்குள் எந்த எலியிடமும் பேசக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் எழுதி முடித்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்கள். ராஜாத்தியும் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டாள்.

புது எலிகள் வந்தன. முதல் வாரம் தினமும் கண்ணாடிக்கு வெளியே ஸ்டாப் வாட்சோடு நின்றேன். முகமூடி அசைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. கூண்டு, கை, ஊசி, பெட்டி, அடுத்த கூண்டு. அறுபது வினாடிக்கு மேல் ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று திருப்தியாகத் திரும்பினேன். தீபாவளிக்கு நான் பெரம்பலூர் போய்விட்டேன். அவள் அன்றும் வந்து எண்பது ஊசி போட்டிருக்கிறாள். எலிக்குத் தீபாவளி ஏது?

திரும்பி வந்தபோது சென்றாயன் என்னை வராந்தாவில் நிறுத்தினார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இந்தம்மா வெளியிலயும் பேசறதில்ல இப்பல்லாம். பஸ்ல டிக்கெட்டுக்குக்கூட விரலைத்தான் காட்டுது. வூட்டுக்கு வாங்க, தீவாளிப் பலகாரம் இருக்குதுன்னு என் சம்சாரம் கூப்பிட்டுச்சு. தலையை ஆட்டிட்டுப் போயிடுச்சு."

அன்று மாலை சிப்காட் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்த கூட்டம் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கத்திக்கொண்டிருக்க, அவள் ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தாள். போய்ப் பேச வேண்டும் என்று இரண்டு அடி வைத்தேன். என்ன பேசுவது? சோதனை முடிகிறவரைக்கும் நான் கியூ.ஏ., அவள் என் ஏட்டில் இருக்கிற ஆள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

பதினேழாம் நாள் ஒரு சிவப்பு எலி செத்தது. இருபத்தைந்தாம் நாளுக்குள் ஒன்பது போய்விட்டன. மஞ்சளிலும் இரண்டு. மருந்து உதவாது என்று சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று. மருந்தை அனுப்பிய கம்பெனி அதைக் கைவிட்டது. மூக்கண்டப்பள்ளியில் யாருக்கும் அந்த ஊசி வராது, எதிலிருந்து தப்பித்தோம் என்பதும் யாருக்கும் தெரியாது.

இருபத்தெட்டாம் நாள், கடைசி ஊசியும் முடிந்த பிறகு நான் உள்ளே போனேன். வாழ்த்துச் சொல்லத்தான் போனேன், நிஜமாக. சென்றாயன் ஏட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஒரு குறை இல்லை ராஜாத்தி. இப்படி ஒரு சுத்தமான ஸ்டடியை நான் பார்த்ததில்லை" என்றேன்.

அவள் ஒரு வெள்ளை அட்டைக் கூண்டைத் திறந்து கையை உள்ளே வைத்தாள். உப்புத் தண்ணீர் மட்டுமே வாங்கிய கொழுத்த எலி, நோய் நொடி ஒன்றுமில்லாதது. மூலைக்கு ஓடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்தில் மூத்திரம் போயிற்று. கூண்டை மூடினாள். பச்சையைத் திறந்தாள், அதுவும் ஓடிற்று. மஞ்சள். பிறகு சிவப்பில் மிச்சமிருந்தவற்றில் ஒன்று, அது நடக்கவே முடியாமல் இழுத்துக்கொண்டு மூலைக்குப் போயிற்று.

"பார்த்துக்குங்க மேடம்" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல், கரகரவென்றிருந்தது. "எல்லாத்துக்கும் ஒரே அளவு பயம். கூடவும் இல்ல, கொறைச்சலும் இல்ல. எழுதிக்குங்க."

"வேற வழி இல்லையே ராஜாத்தி. எண்பதும் ஒரே மாதிரி இருக்கணுமே."

"ஒரே மாதிரிதானே வேணும்?" என்று என் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை அவளிடம். இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். "எண்பதுகிட்டயும் பேசணும்னு எழுதியிருந்தீங்கன்னா எண்பதுகிட்டயும் பேசியிருப்பேனே மேடம். எனக்கு வூட்டுக்குப் போயி என்னா வேலை இருக்குது?"